லெசோத்தோ போகிறவர்களுக்கு: வாசலும் ஏற்றமும்

தென்னாப்பிரிக்காவின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் கிழக்குப் பக்கமாக ஒரு ஓட்டை தெரியும். அது ஓட்டை இல்லை, தனி நாடு. லெசோத்தோ. நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான், கடலும் கிடையாது, வேறு அண்டை நாடும் கிடையாது. பரப்பு சுமார் 30,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடச் சின்னது. மக்கள் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அரசர் மூன்றாம் லெட்சி, ஆனால் ஆட்சி நடத்துவது பிரதமர். 1966 அக்டோபர் 4 அன்று சுதந்திரம் வாங்கும் வரை பசூட்டோலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ்காரர்கள் கையில் இருந்தது.

இந்த நாட்டுக்குப் போய் அவதிப்பட்டவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால் எல்லாம் இரண்டே விஷயத்தில் வந்து நிற்கும். ஒன்று, இன்னொரு வீட்டின் முற்றம் வழியாகத்தான் இந்த வீட்டுக்குள் போக முடியும் என்பதை மறந்தது. இன்னொன்று, கிலோமீட்டரை நம்பியது. நாட்டின் மிகப் பள்ளமான இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர், கிட்டத்தட்ட ஏற்காட்டின் உயரம். அதற்குமேல் எல்லாம் ஏற்றம்தான். தபானா ன்ட்லென்யானா சிகரம் 3,482 மீட்டர், தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியிலேயே அதுதான் உயரம். ஆகவே வாசலையும் ஏற்றத்தையும் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டால் மீதி எல்லாம் சமாளித்துவிடலாம். நான் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்த நாட்களில் மூன்று முறை போய் வந்தேன், முதல் முறை எல்லாவற்றையும் தப்பாகவே செய்தேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்க விசா கட்டாயம். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கினால் ஒரு நுழைவு. லெசோத்தோவுக்குள் போய்விட்டுத் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. கையில் இருப்பது ஒரே முறை நுழையும் விசா என்றால் லெசோத்தோவிலிருந்து வெளியே வரவே வழியில்லை, விமானத்தில் கிளம்பினாலும் அது ஜோகன்னஸ்பர்க் வழியாகத்தான் போகும். எனவே விண்ணப்பத்திலேயே பலமுறை நுழையும் விசா கேளுங்கள், இணைப்புக் கடிதத்தில் லெசோத்தோ போகும் தேதி, திரும்பும் தேதி இரண்டையும் எழுதுங்கள், அங்கே தங்கும் இடத்தின் முன்பதிவையும் சேர்த்துக் கொடுங்கள். விசா கைக்கு வந்ததும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே நின்று எத்தனை நுழைவு என்று போட்டிருக்கிறது எனப் படித்துப் பாருங்கள்.

லெசோத்தோவின் சொந்த விசா தனிக்கதை. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, இணைய விசா முறையும் ஒருமுறை வந்தது. பழைய பயணக் குறிப்புகளை நம்பாதீர்கள், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புது டெல்லியில் லெசோத்தோவின் ஹை கமிஷன் இருக்கிறது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, வந்த பதிலை அச்சடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லைச் சாவடியில் வாய்ப்பேச்சைவிட ஒரு தாள் நன்றாகப் பேசும்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. தென்னாப்பிரிக்காவிலோ லெசோத்தோவிலோ அந்த நோய் இல்லை. ஆனால் வரும் வழியில் எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளில் இறங்கி 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சான்றிதழ் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று எங்கேயாவது மாறித்தான் போக வேண்டியிருக்கும். அடிஸ் வழியாகப் போகிறவர்கள் ஊசி போட்டுவிடுவதே நிம்மதி. பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். மலேரியா பயம் லெசோத்தோவில் கிடையாது, அத்தனை உயரத்துக்கு அந்தக் கொசு ஏறுவதில்லை.

குழந்தைகளைக் கூட்டிப் போனால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள். தென்னாப்பிரிக்கா இந்த விஷயத்தில் கறார்.

எப்போது போவது

ஏப்ரல், மே. அல்லது செப்டம்பர், அக்டோபர். செப்டம்பரில் சமவெளிப் பக்கக் கிராமங்களில் பீச் மரங்கள் இலை விடுவதற்கு முன் பூத்து நிற்கும், காய்ந்து பழுப்பாகக் கிடக்கும் நிலத்தில் திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், நம் ஊர் கோடைக்கு நேர் எதிர். மலைப்பகுதியில் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே வெகுதூரம் இறங்கும், பனி பெய்து கணவாய்கள் மூடும். பனிச்சறுக்குக்காகவே வருகிறவர்களும் உண்டு, ஆஃப்ரிஸ்கி என்ற இடத்தில் அதற்கு வசதி இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பச்சைப் பசேல் என்று இருக்கும், ஆனால் பிற்பகலானால் இடி மின்னல். மொட்டை மலையில் நீங்கள் மட்டும் உயரமாக நிற்கும்போது அது வேடிக்கை இல்லை. விடிந்ததும் நடக்கத் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் கூரைக்கடியில் வந்துவிட வேண்டும்.

எந்த வாசல்

எளிமையானது விமானம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரம், தலைநகர் மசேருவுக்குச் சற்றுத் தள்ளி மொஷ்வேஷ்வே விமான நிலையத்தில் இறங்கலாம். ஆனால் டிக்கெட் விலை தூரத்துக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கும், இறங்கின பிறகு வண்டியும் தேட வேண்டும்.

சாலை வழி என்றால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மசேரு சுமார் 400 கிலோமீட்டர். புளூம்ஃபான்டைன் நகரத்திலிருந்து வந்தால் ஒன்றரை மணி நேரம்தான். மசேரு பாலம், வடக்கே ஃபிக்ஸ்பர்க் ஊரைத் தாண்டி மபுட்சோ பாலம், இந்த இரண்டு சாவடிகளும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். மற்றவற்றுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. மாதக் கடைசி வெள்ளி, ஈஸ்டர், கிறிஸ்துமஸ் சமயங்களில் மசேரு பாலம் பக்கம் போகாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் வேலை செய்யும் பசோத்தோ மக்கள் மொத்தமும் வீட்டுக்குத் திரும்பும் நேரம் அது, நம் ஊர்ப் பொங்கலுக்கு முந்தின நாள் கிளாம்பாக்கம் எப்படியோ அப்படி. (நாடு லெசோத்தோ, மக்கள் பசோத்தோ, அவர்களில் ஒருவர் மொசோத்தோ, மொழி செசோத்தோ. முதல் எழுத்துதான் மாறிக்கொண்டிருக்கும்.)

புளூம்ஃபான்டைன் வழியைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த ஊர் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1891ல் போட்ட சட்டம் 1986ல்தான் விலக்கப்பட்டது. பக்கத்து மாகாணமான நேட்டாலில் இருந்த தமிழர்கள் அந்தப் பக்கம் போனால் அனுமதி இல்லாமல் தங்க முடியாது, கடந்து போய்விட வேண்டும். இன்று நாம் அங்கே பெட்ரோல் போட்டுக் காபி குடித்துவிட்டுப் போகிறோம்.

மூன்றாவது வாசல் கிழக்கே, சானி கணவாய். டர்பனில் இறங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக (1893ல் காந்தியை ரயிலிலிருந்து தள்ளிவிட்ட அதே ஊர்) ஹிம்வில் போய், அங்கிருந்து ஏற வேண்டும். தென்னாப்பிரிக்கச் சாவடிக்கும் மேலே லெசோத்தோ சாவடிக்கும் நடுவில் சுமார் எட்டு கிலோமீட்டர், கூழாங்கல்லும் பாறையும் கொண்டை ஊசி வளைவுமாகப் போகும் பாதை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி, சாதாரணக் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உச்சி 2,874 மீட்டர், தொட்டபெட்டாவைவிட உயரம். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டும். இந்தப் பாதையில் சொந்தமாக ஓட்டி வீரம் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அண்டர்பெர்க், ஹிம்வில் இரண்டு ஊர்களிலும் ஜீப்பில் கூட்டிப்போகும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் தினம் இரண்டு முறை ஏறி இறங்குகிறவர்கள், நாம் ஆயுளில் ஒரு முறை.

எல்லையில் நடப்பது

ஆற்றின் பெயர் வரைபடத்தில் காலெடன், உள்ளூரில் மொஹோகாரே. இந்தக் கரையில் தென்னாப்பிரிக்க அலுவலகம், அங்கே வெளியேறும் முத்திரை. பாலத்தைக் கடந்தால் லெசோத்தோ அலுவலகம், அங்கே நுழையும் முத்திரை. இரண்டும் தனித்தனி வரிசை. சொந்த வண்டி என்றால் லெசோத்தோ பக்கம் ஒரு சின்னச் சாலைக் கட்டணமும் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.

தினமும் இந்தப் பாலத்தில் போய் வருகிற உள்ளூர் மக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் யாரும் உங்களை நிறுத்தாமலே நீங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம். அதுதான் ஆபத்து. முதல் முறை ஒரு சின்னச் சாவடி வழியாகப் போனேன், பெயர் வேண்டாம். தென்னாப்பிரிக்கப் பக்கம் முத்திரை வாங்கிவிட்டு, அந்தப் பக்கம் போனதும் பகிர்வு டாக்ஸி கிளம்பத் தயாராக நின்றது, ஓட்டுநர் ஹாரன் அடித்தார், நானும் ஓடிப் போய் ஏறிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஐந்து நாள் கழித்துத் திரும்பும்போது அதிகாரி அம்மா பாஸ்போர்ட்டை முன்னால் இருந்து பின்னால், பின்னால் இருந்து முன்னால் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்கள் எங்கள் நாட்டுக்கு இன்னும் வரவே இல்லையே" என்றார். சிரிக்கவில்லை. இரண்டரை மணி நேரம் மரப்பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தங்கிய இடங்களின் ரசீதுகளைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அந்த ரசீதுகள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்க விருப்பமில்லை.

ஆகவே போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு, மொத்தம் நாலு முத்திரை. ஒவ்வொன்றையும் வாங்கியதும் அந்த இடத்திலேயே தேதியைப் படியுங்கள், ஃபோனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள் (அலுவலகத்தை எடுக்காதீர்கள், பாஸ்போர்ட் பக்கத்தை மட்டும்).

வாடகைக் கார் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். எல்லை தாண்ட அந்த நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. காரை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், கவுண்டரில் போய் நின்று கேட்டால் கையை விரிப்பார்கள்.

பணம், ஃபோன், பிளக்

பணத்தின் பெயர் லோட்டி, ஒன்றுக்கு மேல் போனால் மலோட்டி. மலைத்தொடரின் பெயரும் மலோட்டிதான். ஒரு லோட்டி ஒரு தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம், லெசோத்தோவில் எந்தக் கடையிலும் ராண்டை வாங்கிக்கொள்வார்கள். திருப்பி நடக்காது, மலோட்டியைத் தென்னாப்பிரிக்காவில் யாரும் தொடமாட்டார்கள். எனவே ராண்டாகவே எடுத்துப் போங்கள், சில்லறை வாங்கும்போது "ராண்டாகக் கிடைக்குமா" என்று கேளுங்கள், பல இடங்களில் கொடுப்பார்கள். ஏ.டி.எம். மசேருவிலும் பெரிய ஊர்களிலும் உண்டு. மலை ஏறும் முன் தேவையான பணத்தை எடுத்துவிடுங்கள். மேலே போனால் கார்டு நீட்டுவதில் பலனில்லை.

சிம் கார்டுக்கு வோடாகாம், எகோனெட் என்று இரண்டே நிறுவனங்கள், பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். மலை மடிப்புகளுக்குள் சிக்னல் வரும், போகும். வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இந்தியாவைவிட மூன்றரை மணி பின்னால். பிளக் விஷயத்தில் நமக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம்: அவர்கள் சுவரில் இருப்பது நம் வீட்டில் கீசருக்கும் ஏ.சி.க்கும் போடும் அதே பெரிய மூன்று உருண்டைக் கால் பிளக். விமான நிலையத்தில் அநியாய விலைக்கு அடாப்டர் வாங்காமல், நம் ஊர் எலெக்ட்ரிக்கல் கடையில் ஒரு பெரிய பிளக் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாலையில்

இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் நமக்குக் கஷ்டமில்லை. முக்கியச் சாலைகள் நல்ல தார். ஆனால் மசேருவிலிருந்து செமோன்கொங் 120 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை மணியில் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், இரண்டரை வைத்துக்கொள்ளுங்கள். காட்சே அணைக்குப் போகும் பாதையில் மாஃபிகா லிசியு கணவாய் 3,090 மீட்டர். அங்கே வண்டி முக்கி முக்கி ஏறும், இறங்கும்போது பிரேக் வாசனை வரும். ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்று நம் ஊர் மலைப்பாதை லாரிக்காரர்கள் சொல்வது இங்கேயும் பொருந்தும். வளைவு திரும்பினால் நடுரோட்டில் ஆட்டு மந்தை நிற்கும். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம், கறுப்பு மாடு கறுப்பு ரோட்டில் தெரியாது.

போலீஸ் சோதனைச் சாவடிகள் நிறைய. நடுரோட்டில் ஒரு நிறுத்தப் பலகை வைத்திருப்பார்கள், போலீஸ்காரர் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். பலகைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, அவர் கை அசைத்துக் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். அவர் உங்களைப் பார்க்காத மாதிரி இருந்தாலும் காத்திருக்க வேண்டும். பலகையைத் தாண்டினால் அபராதம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே வாங்கி வந்துவிடுங்கள்.

வண்டி இல்லாதவர்களுக்கு மினிபஸ் டாக்ஸி உண்டு. நிரம்பினால்தான் கிளம்பும், கிளம்பும் நேரம் என்று ஒன்று இல்லை. மசேரு நகருக்குள் ஓடும் சின்னக் கார்களை 4+1 என்கிறார்கள், நாலு பயணி, ஒரு ஓட்டுநர். நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான், ஒரே வித்தியாசம், நாலுக்கு நாலுதான் ஏற்றுகிறார்கள். நடந்து போகும் ஒவ்வொருவரையும் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டே போவார்கள். கோபம் இல்லை, "வர்றீங்களா" என்று கேட்பது.

வணக்கம் சொல்லாமல் வாயைத் திறக்காதீர்கள்

இது ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு போனாலே பாதிக் கதவு திறந்துவிடும். கடைக்குள் போய் நேராக "தண்ணீர் பாட்டில் எவ்வளவு" என்று கேட்டால் பதில் வரும், ஆனால் முகம் இறுகியிருக்கும். முதலில் வணக்கம், அப்புறம் சுகம் விசாரிப்பு, அதற்கப்புறம்தான் விஷயம்.

வணக்கத்துக்கு எழுதுவது "லுமேலா", சொல்வது "டுமேலா". லெசோத்தோ எழுத்தில் லகரத்தோடு இ, உ சேர்ந்தால் டகர ஒலி வந்துவிடும். லிபோஃபுங் என்று வரைபடத்தில் இருக்கும் இடத்தைக் கேட்க வேண்டுமானால் டிபோஃபுங் என்று கேட்க வேண்டும். நாட்டின் பெயரையே அவர்கள் சொல்லும்போது லெசூட்டு என்றுதான் காதில் விழும்.

பிறகு முறை. தெரியாதவராக இருந்தாலும் உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இதில் நமக்குப் பயிற்சியே தேவையில்லை. பெரிய ஆணுக்கு "ன்டாதே", அப்பா என்று பொருள். பெரிய பெண்ணுக்கு "ம்மே", அம்மா. இளைய பெண் "அவுசி", இளைய ஆண் "அபூட்டி". நம் ஊர்ப் பேருந்தில் கண்டக்டர் "அக்கா கொஞ்சம் தள்ளுங்க" என்பதும், "தம்பி சில்லறை குடு" என்பதும் எப்படியோ அப்படியே. "டுமேலா ம்மே." அவர் பதில் சொல்வார். "உ பேலா ஜ்வாங்?" எப்படி இருக்கிறீர்கள்? "கேயா பேலா", நன்றாக இருக்கிறேன். நன்றிக்கு "கேயா லேபோஹா". ஒருவருக்கு மேல் இருந்தால் "டுமேலாங்". உங்கள் உச்சரிப்பைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள், பிறகு விலையைக்கூடச் சொல்லாமல் ஊர், குடும்பம், எத்தனை பிள்ளை என்று போய்விடுவார்கள். நேரம் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மலையில் ஆடு மேய்க்கும் பையன்கள், கால்முட்டி வரை கம்பூட்ஸ், தோளில் கம்பளி, முகத்தை மூடின குல்லா, கையில் தடி என்று திடீரென்று பாறைக்குப் பின்னாலிருந்து வருவார்கள். வண்டியைப் பார்த்தால் "டிபொம்பொங்!" என்று கத்துவார்கள், மிட்டாய் கேட்கிறார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து மிட்டாயை வீசாதீர்கள், அதற்காக வண்டியை ஒட்டியே ஓடி வருகிற பழக்கம் ஆகிவிடுகிறது. நிறுத்தி, இறங்கி, டுமேலா சொல்லி, உங்களிடம் இருக்கும் ரொட்டியையோ பழத்தையோ சேர்ந்து சாப்பிட்டால் அது வேறு.

மலையில் எங்காவது இளைஞர் கூட்டம் ஒதுங்கித் தங்கியிருப்பதைப் பார்த்தால் வழியை மாற்றிக்கொண்டு சுற்றிப் போங்கள், கேமராவை எடுக்கவே எடுக்காதீர்கள். பையன்களை ஆண்களாக்கும் சடங்குப் பள்ளியாக இருக்கலாம், வெளியாள் நெருங்கக் கூடாத இடம்.

சாப்பாடு

தினச் சாப்பாடு பாப்பா. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கட்டையால் கிளறிக் கெட்டியாக இறக்குவது. ஆம், களிதான். கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோளம், அவ்வளவே. கையால் பிய்த்து உருட்டி, பக்கத்தில் இருக்கும் மொரோஹோவைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். மொரோஹோ என்பது கீரை, பொடியாக நறுக்கி எண்ணெயும் உப்பும் போட்டு வதக்கியது. முதல் வாய் வைத்ததும் தேங்காயும் மிளகாயும் எங்கே என்று நாக்கு தேடும். மூன்றாம் நாள் தேடாது.

சைவக்காரர்களுக்கு இந்த இரண்டும் நியேக்வே என்ற சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்ததும் இருக்கிறது. ஆனால் கீரையில் இறைச்சிச் சாறு க்யூப் கரைத்துவிடும் பழக்கம் சில சமையற்கட்டுகளில் உண்டு, "இறைச்சி வேண்டாம்" என்றால் துண்டு வேண்டாம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். சமைக்கும் முன் சொல்லிவிடுங்கள். மோட்டோஹோ என்றால் சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சுகிற கூழ், காலையில் கிடைத்தால் விடாதீர்கள், வயிற்றுக்கு நம் கூழ் மாதிரியே இதமாக இருக்கும். சந்தையில் மகோயென்யா என்று எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை விற்பார்கள், நடை பயணத்துக்கு நல்ல துணை. டர்பன் வழியாகப் போகிறவர்கள் அங்கே இந்தியக் கடையில் ஊறுகாயும் பொடியும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், நான் வாங்கினேன், வெட்கமில்லை.

கிராமத்து வீட்டு வாசலில் நீண்ட கழியின் நுனியில் துணி, சில சமயம் வெறும் பிளாஸ்டிக் பை, பறந்துகொண்டிருக்கும். அதுதான் விளம்பரப் பலகை. வெள்ளை என்றால் வீட்டில் காய்ச்சிய சோள பீர், ஜ்வாலா, இன்று தயார். சிவப்பு என்றால் இறைச்சி, பச்சை என்றால் காய்கறி. குடிக்கிற பழக்கம் இல்லாவிட்டாலும் வெள்ளைக்கொடி வீட்டுத் திண்ணையில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம், ஊர்ச் செய்தி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எங்கே போவது

ஒரு வாரம் இருந்தால் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். மசேருவில் ஒரு நாள் போதும். அதிலும் பாதி நாளைத் தாபா போசியுவுக்குக் கொடுங்கள். உச்சி தட்டையான இந்தக் குன்றில்தான் 1824ல் மொஷ்வேஷ்வே தன் மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினார், சிதறிக் கிடந்த கூட்டங்களைச் சேர்த்து ஒரு நாடாக்கினார், யாராலும் அதைப் பிடிக்க முடியவில்லை. பெயருக்கு இரவின் மலை என்று பொருள், இரவில் அது வளரும் என்று சொல்வார்கள். ஏறிப் பார்த்தால் பக்கத்தில் கூம்பு மாதிரி கிலோவானே குன்று தெரியும், கொடியில் இருக்கும் மொகோரோட்லோ என்ற வைக்கோல் தொப்பியின் வடிவம் அதைப் பார்த்து வந்தது என்பார்கள்.

அடுத்து செமோன்கொங், புகை எழும் இடம் என்று பொருள். மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர் ஒரே பாய்ச்சலாக விழுகிறது, கீழே எழும் நீர்த்தூள்தான் அந்தப் புகை. இங்கே இரண்டு இரவு தங்குங்கள், ஒரு நாள் குதிரை ஏறுங்கள். பசோத்தோ குதிரை சின்ன உருவம், ஆனால் மலைப்பாதைக்கென்றே பிறந்தது. குதிரை ஏறத் தெரியாது என்பது தடையே இல்லை. நான் பாறைச் சரிவில் பயந்துபோய் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க, குதிரை நின்றுவிட்டது. வழிகாட்டி வந்து என் கையைத் தளர்த்திவிட்டார். குதிரை மூக்கைத் தரையோடு வைத்து முகர்ந்து, முன்னங்காலால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து, வேண்டாம் என்று அடுத்த கல்லுக்கு மாற்றி, இப்படி ஒவ்வொரு அடியாகத் தானே கண்டுபிடித்து இறங்கியது. நமக்கு வேலை சேணத்தில் உட்காருவது மட்டும். மறுநாள் தொடை சொல்லும் கதை வேறு, தைலம் கொண்டு போங்கள்.

மீதி நாட்களுக்குக் காட்சே அணை. 185 மீட்டர் உயரம், 1996ல் முடிந்தது, மலைத் தண்ணீர் சுரங்கம் வழியாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகிறது. இந்த நாடு தண்ணீரை விற்றுப் பிழைக்கிறது என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும், அணையின் மேல் நின்று பார்த்தால் புரியும். வழியில் டெயாடெயானெங்கில் (டி.ஒய். என்றால் போதும்) பெண்கள் ஆட்டு ரோமத்தில் நெய்யும் சுவர்த் திரைகளைப் பார்க்கலாம். கம்பளி வாங்குவதானால் லேபிளைப் பாருங்கள், அசல் பசோத்தோ கம்பளி கனமான ரோமத்தில் இருக்கும், சந்தையில் அதே கோலம் போட்ட மெல்லிய நைலான் நகலும் கிடக்கும். அசலும் நெய்யப்படுவது தென்னாப்பிரிக்காவில்தான், அதைக் கேட்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஆண்கள் வலது தோளில் ஊக்குப் போடுவார்கள், பெண்கள் மார்புக்கு நேரே.

இரவு, குளிர், பத்திரம்

மசேருவில் இருட்டிய பிறகு நடக்காதீர்கள், ஃபோனைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், தங்கும் இடத்திலேயே சொல்லி டாக்ஸி கூப்பிடுங்கள். கிராமங்களில் இந்தப் பயம் குறைவு, ஆனால் தனியாக நடைபயணம் போவதைவிட உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப் போங்கள், பாதையும் பத்திரம், அவருக்கும் வருமானம்.

குளிர்தான் பெரிய எதிரி. வட்ட வடிவ ஓலைக்கூரை வீட்டில் தங்க வைப்பார்கள், சுவர் தடிமன், ஆனால் ஹீட்டர் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மலையில் மரமே கிடையாது, மாட்டுச் சாணத்தை வெட்டிக் காயவைத்து அடுக்கி வைத்திருப்பார்கள், அடுப்புக்கு அதுதான். வறட்டி வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு கணம் பாட்டி வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்தது. படுக்கும்போது வெந்நீர் பை ஒன்று, கம்பளிக் காலுறை, காதை மூடும் குல்லா. ஏப்ரலிலும் இவை வேண்டும். பகலில் வெயில் உறைக்காத மாதிரி இருக்கும், ஆனால் உயரத்தில் முகம் பொசுங்கிவிடும், தொப்பியும் கிரீமும் மறக்காதீர்கள். சானி வழியாக ஒரேயடியாக மேலே வந்தவர்களுக்கு முதல் நாள் தலைவலி வரலாம், தண்ணீர் நிறையக் குடித்து, அன்று மலை ஏறாமல் சும்மா இருங்கள்.

தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகளை நாட்கணக்குக்கு ஒரு வாரம் கூடுதலாக எடுத்துப் போங்கள், மருந்துச்சீட்டு நகலோடு. மேலே மருந்துக்கடை தேடி அலைய முடியாது, பெரிய சிகிச்சை என்றால் எல்லை தாண்டித்தான் கொண்டு போவார்கள். பயணக் காப்பீட்டில் லெசோத்தோ என்ற பெயர் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், தென்னாப்பிரிக்கா என்று மட்டும் போட்டிருந்தால் பாலத்தைத் தாண்டினதும் அந்தத் தாள் செல்லாது.

திரும்பும் நாள் காலையில் பையைத் துழாவி எவ்வளவு மலோட்டி மிச்சம் என்று எண்ணுங்கள். சாவடிக்கு முன்னால் கடைசிப் பெட்ரோல் பங்கில் தொட்டியை நிரப்பி நோட்டுகளைத் தீர்த்துவிடலாம், டாக்ஸியில் வந்தவர்கள் பாலத்தருகே விற்கும் பெண்களிடம் மகோயென்யா வாங்கிக்கொள்ளலாம். ஒரு நோட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் காட்ட நன்றாக இருக்கும். அப்புறம் வரிசை. லெசோத்தோ வெளியேறும் முத்திரை, நடந்து பாலம், தென்னாப்பிரிக்க நுழைவு முத்திரை. டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.